பலாபத்வலயில் எட்டு நிமிஷம்

— கல்யாணப் பூசையில பிரசங்கம் வேணாம்னு சாமிகிட்ட நீங்க சொல்லணும், ஹெர்பர்ட். முக்கால் மணிக்கு ஒருக்கா வந்திரும், வந்தா என்னால அடக்க முடியாது. இதை மட்டும் உங்ககிட்ட கேக்கவே கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கியிருக்கு. கேட்டுட்டேன்.

— எதை அடக்க முடியாது?

— ஒண்ணுக்கு.

— அஞ்சலா! தோட்டத்து ஆபீஸ் வாசல்ல நின்னுகிட்டுப் பேசுற பேச்சா இது? உள்ள பெரிய கிளாக்கர் இருக்காரு.

— அவரும்தான் ஒண்ணுக்குப் போறாரு. நேரா சொல்றேன், கேளுங்க. வருதுன்னு தோணுற அந்த நிமிஷமே எனக்குப் போயாகணும். இல்லேன்னா பாவாடை நனைஞ்சிரும். கேம்பஸ்ல படிக்கிறப்பவே இருக்கு. பரீட்சை ஹோல்ல ரெண்டு தடவை நனைச்சிருக்கேன். ரெண்டுலயும் பாஸு.

— இருபத்தாறு வயசுலயா? இந்தா பாரு, கிழடு கட்டைக்குத்தானே அதெல்லாம் வரும்?

— நானும் அப்பிடித்தான் நெனச்சேன். கிளினிக் டொக்டரம்மா சிரிச்சாங்க. நூறு பொம்பளைன்னா பத்துப் பேருக்காவது இருக்குமாம். ஆம்பளைக்கும் வருமாம். வயசு ஏற ஏறக் கூடுமாம், ஆனா வயசுப் புள்ளைங்களையும் விடாதாம். வாயைத் தொறக்கிற ஆளுதான் இல்லையாம்.

— சரிங்க டீச்சர். பாடம் முடிஞ்சிச்சா? இந்தா பாரு, இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். பலாபத்வலயில தெனம் யார் வீட்டுக்குள்ள போறே?

— ஓ. அது தெரியுமா உங்களுக்கு?

— முழிக்காதே. வஹகோட்டை ஸ்கூலுக்கு பஸ் மாறத்தானே அங்க எறங்குறே? மாறிட்டுப் போக வேண்டியதுதானே? மூணு நாளு ஜுனைதீன் தேத்தண்ணிக் கடையில குந்தியிருந்து பாத்தேன். காணி அளக்கிற சேவையர் சிவலிங்கம் வீட்டு கேட்டுக்குள்ள போறே. எட்டு நிமிஷம். பொண்டாட்டி இல்லாத ஆளு, தனியா இருக்கான். போறப்ப மூஞ்சி வெளிறிக் கெடக்கு, வர்றப்ப சிரிச்சுகிட்டு வர்றே. என்னைப் பாத்து ஒரு நாளாவது அப்பிடிச் சிரிச்சிருக்கியா?

— நீங்க என்ன கக்கூசா?

— என்னடி சொன்னே?

— அந்தாளு வீட்டுக்குப் பின்னால தனிக் கக்கூசு இருக்கு. சந்தியில குண்டு தேடுற பொலிசு செக்கிங். ஐடென்டிகார்டைக் கையில வச்சுகிட்டு அரை மணி வரிசையில நிக்கணும். மொத நாள் காலைப் பின்னிகிட்டு நின்னேன், அவர் பாத்துட்டாரு. ‘வெக்கப்படாதை பிள்ளை, உள்ளுக்குப் போ. எனக்கும் உந்தக் கரைச்சல்தான்’னாரு. நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளை. முன்னப் பின்ன தெரியாதவகிட்ட அதைச் சொல்லிட்டாரு. நமக்கு நிச்சயம் பண்ணி ஆறு மாசமாச்சு, நான் இன்னிக்குத்தான் உங்ககிட்ட சொல்றேன்.

— அப்ப எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரியும்.

— அதுவா உங்களுக்கு வலிக்குது?

— வலிக்காதா? அவன் வெள்ளைக் கால்சட்டை போட்டு மோட்டார் சைக்கிள்ல போறவன். இங்கிலீஸ் பேப்பர் வாசிக்கிறவன். நான் வேலைக்கு வந்த ஆளுங்க பேரைச் செக்ரோல்ல எழுதுறவன், ஏ லெவல் பெயிலு. உங்க லயத்துல இருந்து கேம்பஸ் போன மொத ஆளு நீ. உன் கண்ணு எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாதா? அது என்ன பை? தெனம் ஒரு பையைத் தூக்கிட்டுப் போறியே?

— மாத்துத் துணி. தொறந்து காட்டவா? பெரிய கிளாக்கரையும் கூப்பிடுங்க.

— வேணாம், வேணாம். இனி பையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீயே போனாலும் அவன் அங்க இருக்க மாட்டான்.

— அவர் அங்க இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னா?

— யாரோ.

— யாரும் சொல்லியிருக்க முடியாது. இன்னிக்குக் காலையில நான் போய்ப் பாத்தா வீடு பூட்டிக் கெடக்கு. பக்கத்து வீட்டு ஸக்கியாதான் அழுதுகிட்டே சொன்னா, நேத்து பின்னேரம் பொலிஸ் ஜீப்பு வந்து ஏத்திட்டுப் போச்சுன்னு. மொட்டைப் பெட்டிசமாம். ஸ்கூலுக்குக் கூடப் போகாம அப்பிடியே திரும்பி வந்தேன். நம்ம எல்கடுவையில ஒரே ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருக்கேன், அது நீங்க இல்ல. ஹெர்பர்ட், என்னைப் பாருங்க.

— ஆபீஸ் டைப்ரைட்டர்ல அடிச்சேன். பேர் போடல. யாழ்ப்பாணத்தான் வீட்டுக்குப் பொம்பளைங்க பையோட வந்து வந்து போறாங்கன்னு மட்டும் எழுதினேன். உன்னைத் தவிர இன்னொருத்தியும் வருவாள்னு ஜுனைதீன் சொன்னான். இந்தா பாரு, ரெண்டு நாளு வச்சு மெரட்டி விடுவாங்க. அவ்வளவுதான் நெனச்சேன்.

— ரெண்டு நாளா? இந்தக் காலத்துல ஜீப்புல ஏத்தினவனை ரெண்டு நாள்ல வீட்டுல கொண்டாந்து விடுறாங்களா? பையில என்னன்னு கேப்பாங்க. எங்க மானம் போயிரும்னு அவர் வாயைத் தொறக்க மாட்டாரு. அடி வாங்குவாரு.

— ஒம் மேல உள்ள ஆசையிலதானே நான்…

— ஆசையை நீங்களே வச்சுக்குங்க. நான் பொலிசுக்குப் போறேன். பையைக் கவுத்துக் கொட்டிட்டு, எதுக்குப் போனேன்னு சிங்களத்துலயே சொல்லப் போறேன். ஊருக்குத் தெரியுறதுக்கு முன்னாடி கட்டிக்கப் போறவருக்குத் தெரியட்டுமேன்னுதான் இங்க வந்தேன்.

— பைத்தியமா உனக்கு? நாளைக்கு மலையில கொழுந்து எடுக்கிறவளுங்க எல்லாம் சிரிப்பாளுங்க. எங்கம்மா எப்பிடித் தலை நிமிந்து கோயிலுக்குப் போகும்? நம்ம கல்யாண ஓலையைக் கோயில் பூசையில ரெண்டு ஞாயிறு வாசிச்சாச்சு, இன்னும் ஒண்ணுதான் பாக்கி. டியூசன் குடுக்கப் போனேன்னு சொல்லு.

— புள்ளை குட்டி இல்லாத வீட்டுல யாருக்கு டியூசன்? மூணாம் ஓலை இல்ல. சாமிகிட்ட நானே சொல்லிக்கிறேன்.

— போ! போய்ச் சொல்லு! ஒருத்தி பேச்சை எவன் நம்புவான்? கள்ளத்தனத்தை மறைக்க மூத்திரக் கதை விடுறாள்னுதான் சொல்லுவான்.

— நேரா சொல்றேன். ஜுனைதீன் சொன்ன அந்த இன்னொருத்தி உங்கம்மா.

— எங்கம்மாவை இழுக்காதே!

— செவ்வாக்கெழமை தவறாம வஹகோட்டை கோயிலுக்குப் போறாங்களே, அவங்களும் அங்கதான் பஸ் மாறணும். நாலு வருஷமா அந்தக் கக்கூசுதான். நீங்க குந்தியிருந்த மூணு நாள்ல செவ்வா இல்ல போல. அந்த வாசல்லதான் என்னை மொத மொதல்ல பாத்தாங்க. ‘நீ முன்னுக்குப் போ மகளே, நான் எப்பிடியும் நனைஞ்சிட்டேன்’னாங்க. அடுத்த மாசம் எங்க லயத்துக்குப் பொண்ணு கேட்டு வந்தாங்க.

— பொய். இப்பவே வீட்டுக்குப் போய் அம்மாகிட்டயே கேக்குறேன்.

— வீட்டுல இல்ல. சேதியை மொதல்ல அவங்ககிட்டதான் சொன்னேன். சோத்தை எறக்கி வச்சிட்டு, பதினொரு மணி பஸ்ஸுல போயிட்டாங்க. இந்நேரம் பொலிஸ் பெஞ்சுல குந்தியிருப்பாங்க. ‘நான் சொல்ல ஆரம்பிக்கிறேன், நீ பின்னால வா. அந்தப் பெட்டிசத்தை அடிச்ச நாய் யாருன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும்’னு சொல்லிட்டுப் போனாங்க. கையை விடுங்க, ஹெர்பர்ட். பஸ் வருது. போய்ப் பேரைச் சொல்லணும்.