சரிவில் மட்டம் பார்க்கத் தெரிந்த ஒரே ஒருவருக்கு

மண்வளம் காக்கும் மாண்பாளரே, உழவர்தம் உள்ளக்கிடக்கையை ஓயாது உசாவிய உத்தமரே, முப்பத்தோராண்டு எங்கள் பயிற்சிப் பிரிவைத் தாங்கி நின்ற தூணே, வணக்கம். இன்று மாலையோடு தூண் வீட்டுக்குப் போகிறது. கூரையைப் பற்றி இம்மடலில் எழுத வேண்டாம் என்று மேலாளர் கேட்டுக்கொண்டார். முயன்றோம், முடியவில்லை.

மண் அரிப்பைத் தடுக்க என்ன பயிற்சி வேண்டும் என்று ஆண்டுதோறும் உழவர்களைக் கேட்டீர்கள். சரிவு நிலத்துக்காரர்கள் ஆண்டுதோறும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "மழைத்தண்ணி மண்ணை வாரிக்கிட்டுப் போகுது. குறுக்கே வரப்பு எங்க போடணும்னு எங்க காட்டுக்கே வந்து காட்டுங்க." அந்தப் பதிலை வண்ண வண்ண வரைபடமாக்கி, வழவழப்பான அட்டையிட்டு, மேலிடத்துக்கு அனுப்பினோம். மேலிடம் மகிழ்ந்து, அடுத்த ஆண்டும் கேட்கச் சொன்னது.

பயிற்சியே நடக்கவில்லை என்று எவரும் எங்களைப் பழிக்க முடியாது. அலுவலக வண்டி மேடு ஏறாத காரணத்தால், உழவர்களை வரவழைத்து, வாகனம் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரப்பு வரைந்து காட்டினோம். அன்று பெய்த மழையில் அங்கே ஒரு பிடி மண்கூடக் கரையவில்லை. அதையும் அறிக்கையில் வெற்றி என்றே எழுதினோம்.

ஆனால் நீங்கள், ஐயா, ஒருமுறை எங்களிடம் சொல்லாமலே மேடு ஏறிவிட்டீர்கள். மூன்று கம்புகளை ஆங்கில ‘A’ வடிவில் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, சரிவின் குறுக்கே எந்த இடமெல்லாம் ஒரே உயரம் என்று பார்த்துப் பார்த்து அடையாளமிட்டு, மேட்டுக்காட்டு அக்காவின் நிலத்தில் அவர் கையாலேயே வரப்பு எடுக்க வைத்தீர்கள். ஆறு மழைக்காலம் ஆயிற்று; அவர் மண் அங்கேயே இருக்கிறது. அனுமதியின்றி மேடேறியதற்கு உங்களிடம் விளக்கம் கேட்ட கடிதமும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் கம்பு வித்தையை எங்களுக்கும் சொல்லித்தர எத்தனை முறை கொல்லைப்புறத்துக்கு அழைத்தீர்கள். "அறிக்கை முடியட்டும் சார், நாளைக்குக் கத்துக்கிறோம்" என்றோம். "நாளைக்கு வர்றேன்னு மழை சொல்லிட்டு வராதுப்பா" என்று சொல்லிவிட்டு, கம்புகளை அங்கேயே சாத்திவிட்டுப் போனீர்கள். அதில் நாங்கள் குடை மாட்டினோம்.

போன திங்கட்கிழமை, நீங்கள் மூட்டு மருத்துவரிடம் போயிருந்த நேரத்தில், மேட்டுக்காட்டு அக்கா வந்தார். அவருடைய தம்பியின் நிலம் பக்கத்துச் சரிவில் இருக்கிறதாம். மேல்மண் ஒரு சாண்தான் மிச்சம். அதுவும் போனால் கீழே பாறை.

"ரெண்டு மழை தாங்காது சார். எனக்குச் சொல்லித்தந்த மாதிரி அவனுக்கும் யாராச்சும் வந்து காட்டுங்க."

"நீங்களே காட்டலாமேக்கா" என்றோம்.

"என் காட்டுல அவர் அடையாளம் வச்சாரு, நான் மண்ணை வெட்டிப் போட்டேன். கல்லு ஆடுறதைப் பார்த்து மட்டம் சொல்ல எனக்குத் தெரியாதே. உங்களுக்குத் தெரியும்ல?"

பதினொரு பேர் இருந்தோம். பயிற்சித் தேவைப் படிவத்தை நீட்டினோம்.

"இதை நிரப்பினா மண்ணு நிக்குமா?" என்று கேட்டார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். ஏழை சொல் அம்பலம் ஏறாது. படிவத்திலாவது ஏறட்டும் என்று நினைத்திருப்பார்.

உங்கள் இடத்துக்கு ஆள் போடப்போவதில்லை என்று உத்தரவு வந்துவிட்டது. மாடிப்படியே ஏறக்கூடாது என்று மருத்துவர் உங்களுக்குச் சொல்லிவிட்டார். ஆகவே உங்களிடம் எதையும் கேட்க எங்களுக்கு வாயில்லை. வலியின்றி நடந்து, வயிறார உண்டு, மனைவி மக்களோடு மனநிறைவாய் நூறாண்டு வாழுங்கள். மழை பெய்யும் நாட்களில் மட்டும் எங்களை நினைக்காதீர்கள்.

நேற்று அந்தப் படிவம் வந்து சேர்ந்தது. தேவைப்படும் பயிற்சி என்ற கட்டத்தில், அக்காவின் மகள் கையெழுத்தில், "ஒரு நாள், ஒரு ஆள்" என்று இருக்கிறது. முத்திரை குத்தி, எண் கொடுத்து, அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் சேர்த்துவிட்டோம்.

இப்படிக்கு,
பயிற்சி தேவைப்படும் பதினொருவர்,
மண்வளப் பாதுகாப்புப் பயிற்சிப் பிரிவு