விதைக்கடையின் பெயரை எடுத்தவன்

"நம்ம கடைப் பேர்ல அவன் என்ன விக்கிறான்ங்கிறது எங்க கமிட்டி வேலை இல்லத்தா."

ஒரத்தநாட்டு பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் தன் அத்தாவிடம், அதாவது தகப்பனாரிடம், சொன்னாள். அவருடைய விதைக்கடையின் பெயரில் யாரோ இணையதளம் எடுத்து மட்டமான விதைநெல் விற்கிறானாம். அவள் இணையதளப் பெயர்ப் பதிவுக்கு விதி எழுதும் கமிட்டியில் இருக்கிறாளாம்.

"பெறகு எதைத்தாம்மா பாப்பீங்க?"

"பேரைப் பதிவு பண்றதுல மோசடின்னா பாப்போம். வித்தது போலீஸ் பாடு. எது வரைக்கும் எங்க வேலைன்னு இன்னிக்கித்தான் பேசப்போறோம்."

"நல்லாருக்கு!"

"ஏன், முறைத்தண்ணித் தகராறைத் தீத்துவைக்கப் போனப்ப நீங்க என்ன சொன்னீங்க? மடையை மாத்தித் திறந்தா வாங்க, வயல்ல என்ன நட்டாலும் கேக்க மாட்டேன்னு சொல்லல?"

அவர் சிரித்துவிட்டார்.

"ஆமா, நம்ம பேரை மட்டுமா எடுத்திருக்கான்?" என்று அவள் கேட்டாள்.

"கடைத்தெருவுல உள்ள அத்தனை விதைக்கடைப் பேரையும் எடுத்து வச்சிருக்கான்மா."

"அது மடையிலயே, பதிவுலயே கை வைக்கிறதுத்தா. அது எங்க வேலைதான். இன்னிக்கே சொல்றேன்."

"சம்பாவுக்கு நாத்து விடுறதுக்குள்ள நிறுத்திருவீங்களா?"

"இன்னிக்கி எல்லையை மட்டுந்தான் பேசுவோம். விதியெல்லாம் அப்புறந்தான் எழுதணும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, எழுதுங்க. அது வரைக்கும் நான் கடை வாசல்ல நின்னு, அவன் நான் இல்லைன்னு வர்றவங்ககிட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன்."