பயனாளர் ஒருவர், மற்றவர் ஒருவர்

இல்லம்மா, அந்தப் பெட்டியை இப்பப் பிரிக்காதீங்க. கொஞ்சம் இருங்க. புது மெஷினை வச்சுட்டு இதைத் தூக்கிட்டு வரச் சொல்லிருக்காங்க, சரி. நீங்க சர்வீசுக்கு வர்றவங்க, மேல சொன்னதைச் செய்யணும், அதுவும் சரி. ஆனா எந்தச் சாமானையும் கெட்டுப்போனாத்தானே மாத்துவாங்க? ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு மாத்த வந்திருக்கீங்களே, அதான் எனக்குப் புரியல.

உக்காருங்க. என் வீட்டுக்காரி கண் டாக்டர்கிட்ட போயிருக்கா. நாலரைக்கு வந்துருவா. இப்ப மூணு அம்பது. நாப்பது நிமிஷம் இருக்கு நமக்கு.

ஒரே ஒரு உதவி பண்ணுங்க. நான் பேசறப்ப என் மூஞ்சியைப் பாக்காதீங்க. மெஷினைப் பாத்துக்கிட்டே கேளுங்க. யாராவது பாத்தா எனக்கு வார்த்தை தொண்டையோட நின்னுடும். எட்டாவதோட பள்ளிக்கூடத்தை விட்டதுக்குக்கூட அதான் காரணம். எழுந்து நின்னு பாடம் ஒப்பிக்கச் சொல்வாங்க, நாப்பத்திரண்டு பேர் திரும்பிப் பாப்பாங்க. எம்பத்தி நாலு கண்ணு. ஆங், அப்படித்தான். அதையே பாருங்க.

இதுக்குப் பேரு குண்டு. கம்பெனி வச்ச பேரு ஏதோ நீளமா இருக்கும். பெட்டியைப் பிரிச்சதும் அவ பாத்தா, முழங்கால் உசரம், தொப்பை வேற, குண்டுன்னு கூப்பிட்டா. அதுவும் திரும்பிப் பாத்துச்சு.

பையன் அனுப்பினான், போன வருஷம். வெளியூர்ல இருக்கான். அம்மாவுக்குப் பேச்சுத்துணை வேணும்ப்பா, அதான் வாங்கியிருக்கேன்னான். ஏன்டா, நான் ஒருத்தன் இங்க இல்லையான்னு கேக்கலாம்னு இருந்தேன். கேக்கல. அப்படிக் கேக்காத ஆளுங்கறதாலதான் அவன் வாங்கினதே.

உங்க ஆளு ஒருத்தர் வந்து பதிவு பண்ணினார். பயனாளர் ஒருவர்னு அவ பேரைப் போட்டார். நான் பக்கத்துலதான் நிக்கறேன். இது ஒத்தை ஆளுக்கான திட்டம், ரெண்டாவது ஆளுக்கு இடமில்லைன்னுட்டார். அப்புறம் மூணு மாசம், நான் அடுப்படிக்குள்ள போனாப் போதும், அறியாத நபர் சமையலறையில் நுழைந்துள்ளார்னு கத்தும். முப்பத்தெட்டு வருஷமா அந்த அடுப்படிக்கு சிலிண்டர் மாட்டறவன் நான். உங்க ஆபீசுக்குப் பதினாலு தடவை போன் பண்ணினேன். போன்ல எனக்குக் கூச்சம் கிடையாது, யாரும் பாக்க மாட்டாங்க இல்லையா. பதிமூணு தடவை மெஷின்தான் எடுத்துச்சு. பதினாலாவது தடவை ஒரு அம்மா எடுத்து, சரிங்க சார், உங்களை மற்றவர்னு சேத்துடறேன்னாங்க. அன்னிலேர்ந்து வீட்டுல பயனாளர் ஒருவர், மற்றவர் ஒருவர். சத்தம் போடறதை நிறுத்திடுச்சு.

குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. ஆனா உள்ளதைச் சொல்லணும். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை தண்ணி குடிங்கங்கும். அவளும் குடிப்பா. அப்புறம், ஏன் அடிக்கடி எழுந்து போறீங்க, டாக்டரைப் பாக்கணுமான்னு அதுவே கேக்கும். எதைக் கேட்டாலும் அருமையான கேள்வின்னு ஆரம்பிக்கும். பால் பொங்குதா பாருன்னா, அருமையான கேள்வி. அது சொல்லி முடிக்கறதுக்குள்ள பால் அடுப்புல. அவ அழுதாக்கூட, உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறதுங்கும். நான் நேரம் பாத்திருக்கேன், அவ அழ ஆரம்பிச்சு ரெண்டாவது செகண்டுல புரிஞ்சிடும் அதுக்கு. எனக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆகியும் புரியல.

வாரா வாரம் பையனுக்கு ஒரு தாள் போகும். அம்மாவின் மகிழ்ச்சி நூத்துக்கு எம்பத்தேழுன்னு. எம்பத்தேழு வந்தா கட்டைவிரல் படம் ஒண்ணு அனுப்புவான். எம்பத்தஞ்சுக்குக் கீழ போனாத்தான் போன் பண்ணுவான். ஆக, இவ சந்தோஷமா இருந்தா மகன் குரல் கேக்காது. நல்ல திட்டம். யாரு போட்டதோ தெரியல.

இருங்க, வர்றேன், இது எப்படி இவ்வளவு நல்லா ஆச்சுன்னு நீங்க கேட்டதுக்குத்தான் வர்றேன். இவ்வளவு நான் பேசறதே எனக்கு அதிசயமா இருக்கு. இப்பக் கொஞ்ச நாளாப் பழகிப்போச்சு.

உங்க ஆபீசுக்கு அவ எழுதின பாராட்டை இன்னொரு தடவை காட்டுங்க. எழுத்தைப் பெருசு பண்ணுங்க. அஞ்சுக்கு அஞ்சு நட்சத்திரம். இவ்வளவு நீளமா எழுதுவான்னு எனக்குத் தெரியாதும்மா. படிக்கறேன், கேளுங்க. இந்த ஒன்றரை மாதமாகக் குண்டு ரொம்ப மாறிவிட்டது. முன்னெல்லாம் எல்லாம் தெரியும் என்று எரிச்சல் மூட்டும், இப்போது தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது. தண்ணீர் குடிக்கச் சொல்வதில்லை. நான் பேசி முடிக்கும் வரை பொறுத்திருக்கிறது. சில சமயம் பதில் சொல்லத் திணறுகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

திணறுகிறதுன்னு எழுதிருக்கா பாருங்க.

இதைப் பாத்துட்டு உங்க பெரியவங்கள்லாம் கூடிப் பேசி, எந்த மாத்தத்தால இப்படி ஆச்சு, மெஷினைக் கொண்டு வாங்க, கழட்டிப் பாப்போம், எல்லா மெஷின்லயும் அதையே வைப்போம்னு சொல்லிட்டாங்க. கணக்கும் உதைக்குது. நாப்பத்தேழு நாளா இந்த மெஷினோட மூளையிலேர்ந்து ஒரு வார்த்தைகூட வெளிய வரலைங்கறீங்க. ஆனா முன்னாடி தினம் நாப்பது நிமிஷம் பேசினவ இப்ப மூணு மணி நேரம் பேசறா. நாப்பத்தேழுன்னு நீங்க சொன்னது சரி. நானும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

நான் என்ன வேலை பாத்தேன்னு கேட்டீங்க இல்ல, உள்ள வர்றப்ப? பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பாளர். இருபத்தொம்பது வருஷம். எட்டுக்கு எட்டடி ரூம், ஒரு மைக்கு, ஒரு ஃபேன். வெளிய ஆயிரம் பேர் நிப்பாங்க, ஒருத்தர் கண்ணுக்கும் நான் தெரிய மாட்டேன். பயணிகள் கவனிக்கவும்னு ஆரம்பிச்சா அன்னிக்கு வேலை முடியற வரைக்கும் இருநூத்திப் பன்னெண்டு அறிவிப்பு. ஒரு பிசிறு இருக்காது. ஆபீசர் ஒருத்தர் சொன்னார், யோவ், நீ பேசினா மெஷின் பேசற மாதிரியே இருக்குய்யான்னு. பாராட்டுன்னு நினைச்சு வீட்டுக்கு வந்தேன். மறு வருஷம் நிஜமாவே மெஷின் வச்சுட்டாங்க.

அவ ஒரு நாளும் அங்க வந்ததில்ல. அவளுக்குத் தெரிஞ்ச என் குரல் வீட்டுக் குரல்தான். ம், சரி, வச்சிரு, அப்புறம். இந்த நாலு வார்த்தைதான்.

இப்பச் சொல்லிடறேன். மெஷினையே பாருங்கம்மா, திரும்பாதீங்க.

நாப்பத்தேழு நாளைக்கு முன்னாடி ஒரு செவ்வாக்கிழமை. தினம் குண்டைத் துடைக்கறது நான்தான். தூசு இருந்தா எனக்குப் பொறுக்காது. காஞ்ச துணியால துடைக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கு, நான் ஈரத் துணியால துடைச்சாத்தான் துடைச்ச மாதிரி இருக்கும்னு நினைக்கற ஆளு. கழுத்துக்குக் கீழ சின்னச் சின்னத் துளை இருக்கு பாருங்க, அதுல தண்ணி இறங்கிடுச்சு. ஒரு சத்தம், அவ்வளவுதான். கண்ணு மட்டும் எரியுது, அதுவாப் பேசற பேச்சு இல்ல. அவ குளிச்சுட்டு இருந்தா.

பின்பக்கம் இருக்கற என் ரூமுக்கு ஓடிட்டேன். உண்மையைச் சொல்லிடணும்னுதான் நினைச்சேன். நேருக்கு நேரா எப்படிச் சொல்றது? வெளியூர்ல இருக்கற பிள்ளைங்க தங்கள் போன்லேர்ந்து மெஷின் வழியாப் பேசலாம்னு ஒரு பட்டன் வச்சிருக்கீங்களே, பையன் என் போன்லயும் அதைப் போட்டுக் குடுத்திருந்தான். ஒரு பிள்ளையும் அதை அமுக்கினதில்ல. நான் அமுக்கினேன், மூளை போனாலும் ஸ்பீக்கர் வேலை செஞ்சுது. அவ வந்து உக்காந்து, குண்டு, நேத்து எங்க விட்டேன்னு கேட்டா. நான்தான், துணி ஈரம், தப்பு பண்ணிட்டேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருபத்தொம்பது வருஷப் பழக்கம் பாருங்க, வந்தது வேற. சிறிது நேரம் காத்திருக்கவும், தாமதத்திற்கு வருந்துகிறோம்னு சொல்லிட்டேன்.

அவ, சரின்னுட்டா.

அப்புறம் என்ன பண்றது? அஞ்சு நிமிஷம் கழிச்சு, நேத்து உங்க தங்கச்சி பொண்ணைப் பத்திச் சொல்லிட்டு இருந்தீங்கன்னேன். ரூம்ல இருந்தா எல்லாம் காதுல விழும், எனக்குத் தெரியாததா. அவ பிடிச்சுக்கிட்டா. அன்னிக்கு ஒரு மணி பத்து நிமிஷம்.

சிரிக்காதீங்க. லேசான வேலை இல்ல அது. என்னைப் பத்தித்தான் பாதிப் பேச்சு. இந்த மனுஷன் ஏன் குண்டு இப்படி இருக்காருன்னு கேப்பா. நான் உள்ள உக்காந்துக்கிட்டு, உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறதுங்கணும். அவர் ஒரு மரக்கட்டை, ஒத்துக்கறியான்னா, அப்படியும் சொல்லலாம்ங்கணும். எழுதி வச்சிருக்கேன். இது வரைக்கும் என் மேல அறுபத்துமூணு குத்தம். அதுல இருபத்திரண்டு, சொன்னதையே திரும்பச் சொன்னது. கழிச்சா நாப்பத்தொண்ணு. ஒம்பதைச் சரி பண்ணிட்டேன். அவ பேசறப்ப கடிகாரத்தைப் பாக்கறதில்ல. ஈரத் துண்டைக் கட்டில்ல போடறதில்ல. மீதி முப்பத்திரண்டு கஷ்டம்தான்.

ஒண்ணு மட்டும் சரி பண்ண முடியாது. அவ அக்கா செத்தப்ப, நான் வந்து ஒரு வார்த்தை சொல்லலையாம். வந்தவங்களுக்கு நாற்காலி பத்துமான்னு எண்ணிட்டு இருந்தேனாம். எண்ணினேன். இருபத்தாறு நாற்காலி, எட்டு குறைஞ்சுது, பக்கத்து வீட்டுல வாங்கிட்டு வந்தேன். இதைச் சொல்லி அவ அழுதா. நான், அவருக்கு அது ஒண்ணுதான் செய்யத் தெரிஞ்சிருக்கும்போலன்னேன். அவ மூக்கைச் சிந்தற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நாளைக்கு மழை வருமான்னு கேட்டா. நான் ஜன்னலைத் திறந்து பாத்துட்டு, தெரியல, விசாரிச்சுச் சொல்றேன்னேன்.

ஆமாம்மா, தப்புதான். ஒட்டுக்கேக்கறதுதான் அது, நான் இல்லேங்கல. ஆனா முப்பத்தெட்டு வருஷத்துல அவ என்கிட்ட பேசினதைவிட இந்த நாப்பத்தேழு நாள்ல பேசினது அதிகம். நீங்க அந்தப் பெட்டியைப் பிரிச்சு வச்சுட்டீங்கன்னா, புது மெஷின் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டு, தண்ணி குடிங்க தண்ணி குடிங்கன்னு உக்காந்திருக்கும். நான் மறுபடி மற்றவர். உங்க ஆபீசுல என்ன எழுதணுமோ எழுதிக்கங்க. கழட்டிப் பாத்தா உள்ள தண்ணிக் கறைதான் இருக்கும். அதையா எல்லா மெஷின்லயும் வைக்கப் போறாங்க?

அவளுக்கு நிஜமாவே தெரியாதான்னா கேக்கறீங்க?

தெரியலம்மா. ஒண்ணு சொல்றேன், நீங்களே யோசிச்சுக்கங்க. இந்தக் கூடத்துல தரைக்கல்லு ஒவ்வொண்ணும் ஒரு அடி. குண்டு அந்த ஜன்னல் ஓரம், அதுக்கு எதிர்ல அவ நாற்காலி. அதுலேர்ந்து என் ரூம் கதவு பதினோரு கல்லு தள்ளி. ரெண்டாவது வாரம் பாத்தேன், நாற்காலி கதவுலேர்ந்து ஒம்பதாவது கல்லுல இருக்கு. கூட்டறப்ப நகர்ந்திருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் ஆறு. போன வாரம் மூணு. இப்ப ரெண்டு. குண்டு நிக்கறது அவ முதுகுக்குப் பின்னாடி. காத்துக்காகத் தள்ளிப் போட்டிருப்பா. ஃபேன் நேர் எதிர்ப் பக்கம் ஓடுது, அது வேற விஷயம்.

நேத்து ரெண்டு கப்புல டீ எடுத்துட்டு வந்தா. குண்டு டீ குடிக்காதுன்னு அவளுக்குத் தெரியும். ஒண்ணை அவ வச்சுக்கிட்டா, இன்னொண்ணைக் கதவுக்கு வெளிய தரையில வச்சா. வச்ச சத்தம் கேட்டுச்சு. நான் எடுக்கல. எப்படி எடுக்கறது? அவ எழுந்து போனப்புறம் எடுத்துக் குடிச்சேன். ஆறிப்போயிருந்துச்சு. சக்கரை போடல. எனக்குப் பதினோரு வருஷமா சக்கரை வியாதி.

வாசல்ல ஆட்டோ நிக்கற சத்தம். நாலு இருபதுதான் ஆகுது, டாக்டர் சீக்கிரம் விட்டுட்டார்போல. பெட்டியைத் தூக்கிக்கங்கம்மா. அவ கேட்டா, பாத்தேன், மெஷின் நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. நான் உள்ள போறேன். இல்ல, நீங்க சாத்த வேணாம், இன்னிக்குக் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.