சலவைக் கப்பல் கேப்டன்

மேல இருக்குற பெரிய எழுத்து தெரியுதும்மா. அதுக்குக் கீழ உள்ளதும் தெரியுது. மூணாவது வரியில கடைசி எழுத்துதான் ப-வா ம-வான்னு... இருங்க, அவசரப்படுத்தாதீங்க. எழுத்தத் தப்பாப் படிச்சா என் பொழப்பே போயிடும். என்ன வேலையா? டப்பிங்ம்மா. குரல் குடுக்குறது. இருட்டு ரூம்ல நின்னுக்கிட்டு, எதிர்ல ஒரு திரை, கையில பேப்பர், காதுல ஹெட்ஃபோன். திரையில ஒருத்தன் வாயத் தொறக்குற அதே நொடியில நாம தொறக்கணும், அவன் மூடுறப்ப மூடணும். இருபத்திரண்டு வருஷமா இதான்.

ஹீரோயினுக்கா? அட நீங்க வேற. சின்னப் பசங்களுக்கும்மா. பத்து வயசுப் பையன், பன்னெண்டு வயசுப் பையன், அப்பப்போ நாய்க்குட்டி. எனக்கு வயசு நாப்பத்தொன்பது, ஸ்டூடியோவுல என் பேரு பொடியன். வாட்ச்மேன்கூட, பொடியன் வந்தாச்சுன்னுதான் மாடிக்குச் சொல்லி விடுவாரு. கல்யாணம் ஆகல. ஒரு காலத்துல ரெண்டு மூணு இடத்துலேருந்து கேட்டாங்க. போன் பண்ணா நான்தானே எடுப்பேன். அக்கா இருக்காங்களா தம்பின்னு கேப்பாங்க. நானும் சும்மா இருக்காம, அக்கா குளிக்கிறாங்கன்னு அதே குரல்ல சொல்லி வெப்பேன். அப்புறம் எங்கேருந்து நடக்கும்?

வலது கண்ண மூடணுமா? சரி. இந்த லென்ஸா, முன்னாடி போட்டதா? ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. இன்னொரு தடவை போடுங்க, எனக்கொண்ணும் அவசரமில்ல. கண்ணாடிக் கடையிலயும் இப்ப யாரும் இல்லையே.

சலவைக் கப்பல்னு ஒரு அனிமே வருதே, ஞாயித்துக்கிழமை காலையில, பாத்திருக்கீங்களா? ஞாயித்துக்கிழமையும் கடை உண்டா. அப்ப பாத்திருக்க மாட்டீங்க. கார்ட்டூன்னு சொல்லக் கூடாதாம், அனிமேன்னுதான் சொல்லணுமாம், எங்க சவுண்ட் இன்ஜினியர் தம்பிக்குக் கோபம் வந்துடும். கதை என்னன்னா, ஒரு விண்கப்பல். போர்க்கப்பல் எல்லாம் இல்ல. கிரகம் கிரகமாப் போய் அழுக்குத் துணி எடுத்து, வெளுத்து, மடிச்சுக் குடுக்குற கப்பல். அதுல ஒரு கேப்டன், கப்பல் லேசா ஆடினாலே வாந்தி எடுப்பாரு. ஒரு இஸ்திரி ரோபோ, அதுக்குக் கப்பலோட அபாய அறிவிப்புக் குரல் மேல காதல். அந்தக் குரலக் கேக்குறதுக்காகவே எங்கயாவது தீய வெச்சுடும். கப்பல ஓட்டுறது பதினோரு வயசுப் பையன். அது நான்.

இவங்க ஒரு அரண்மனையிலேருந்து அழுக்கு மூட்டைய எடுத்துட்டு வந்தா, மூட்டைக்குள்ள இளவரசி. கல்யாணம் பிடிக்காம ஒளிஞ்சுக்கிட்டு வந்துட்டா. கேப்டனுக்கு விஷயம் தெரியாது. வேலைக்கு ஆள் அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சு, அவ கையில சோப்புத்தூளக் குடுத்துடுறாரு. அவளக் கடத்திட்டாங்கன்னு ஒரு பெரிய படையே பின்னாடி துரத்துது. இவரு என்னடான்னா, கறை போகலையேன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருக்காரு. சிரிக்காதீங்கம்மா, கை ஆடுது பாருங்க, லென்ஸ் மூக்குல இடிக்குது.

இதுல கேப்டனுக்குக் குரல் குடுத்த நடிகர் ரெண்டே எபிசோடுல சினிமா வாய்ப்பு வந்துடுச்சுன்னு போயிட்டாரு. பத்து நாள்ல மூணாவது எபிசோடு ஒளிபரப்பாகணும். எட்டுப் பேரக் கூப்பிட்டுப் பாத்தாச்சு. எல்லாரும் கேப்டன்னதும் நெஞ்ச நிமித்திக்கிட்டுப் பேசுறாங்க. வாந்தி எடுக்குற கேப்டன் அப்படிப் பேசுவாரா?

அன்னிக்குப் பாத்து ஏசி வேற ஓடல. காத்துப் போக வழியில்லாத ரூமு, நான் வேர்த்து ஊத்தி வெளிய வந்து உக்காந்துட்டேன். ரிப்பேருக்கு ஒருத்தர் வந்தாரு. அம்பத்தி நாலு வயசிருக்கும், காக்கிச் சட்டை, பாக்கெட்ல டெஸ்டர். உள்ள போயி மூடியத் தொறந்துட்டு, மெஷின்கிட்ட பேச ஆரம்பிச்சுட்டாரு. ஏன்டா, உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? போன மாசம்தானே கேஸ் ரொப்பிவிட்டேன். இப்படிப் படுத்துக்கிட்டா நாலு பேருக்கு முன்னாடி எனக்கு என்ன மரியாதை? வேலைக்குப் போகாத மகன்கிட்ட அப்பா பேசுவாரே, அந்த மாதிரி. மைக் ஆஃப் பண்ணாம இருந்திருக்கு. கன்ட்ரோல் ரூம்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்த இன்ஜினியர் தம்பி டம்ளர அப்படியே வெச்சுட்டான். பொடியன், இதான் கேப்டன்னான்.

அவருக்கு ஒண்ணும் புரியல. ஏசியப் பத்தி ஏதோ புகார்னு நெனச்சு, மன்னிச்சுக்குங்க, அரை மணி நேரத்துல சரியாயிடும்னாரு. மைக்குக்கு முன்னாடி நிறுத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. நடிக்கவே வராது அவருக்கு. ஆனா கப்பல் இன்ஜினப் பாத்துக் கேப்டன் புலம்புற இடம் வந்தா, ஒரே டேக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை வர ஆரம்பிச்சாரு.

இப்ப எந்தக் கண்ணு? இடதா? ரெண்டாவதுதான் தெளிவா இருக்கு. இல்ல, மொதல்ல போட்டது. நீங்களே ஒண்ணு முடிவு பண்ணி எழுதிக்கோங்களேன்.

எங்க விட்டேன்? ஆங், சனிக்கிழமை. அதுல ஒரு ஃபிளாஸ்க் கதை இருக்கு. இதக் கேளுங்க. டப்பிங்ல எல்லாரையும் ஒண்ணா நிக்க வெச்சு எடுக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்து அவங்க பங்கப் பேசிட்டுப் போவோம். ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் ஏசிக்காரரு, அதான் நம்ம கேப்டன். ரெண்டுலேருந்து மூணு வரைக்கும் நான். மூணுலேருந்து நாலு, இளவரசிக்குக் குரல் குடுக்குற பொண்ணு. காலேஜ் முடிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது, நல்ல லட்சணமா இருப்பா. பையன் குரல்ல கத்திக் கத்தி என் தொண்டை கட்டிக்கிறதப் பாத்துட்டு, நம்ம கேப்டன் சத்தமில்லாம ஒரு சின்ன ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி கொண்டாந்து மைக்குக்குப் பக்கத்துல வெச்சுட்டுப் போயிடுவாரு. சொல்லிட்டாவது வெச்சிருக்கலாம். யாருதோன்னு நான் தொடவே மாட்டேன். மூணு மணிக்கு வர்ற இளவரசி, நமக்காகத்தான் இன்ஜினியர் தம்பி வெச்சிருக்கான்னு நெனச்சு ஒரு சொட்டு விடாமக் குடிச்சுட்டுப் போயிடுவா. இப்படியே ஆறு வாரம். ஃபிளாஸ்க் காலியாகக் காலியாக இந்தப் பக்கம் கேப்டனுக்கு நம்பிக்கை. அந்தப் பக்கம் இளவரசிக்குத் தம்பி மேல காதல். தம்பிக்கு ஏற்கெனவே அவ மேல ஒரு கண்ணு, ஆனா பேசத் தைரியம் இல்ல. ஒரு நாள் அவளே வந்து, நீங்க ரொம்ப அக்கறையானவருங்கன்னு சொல்லியிருக்கா. இவன் எதுக்குன்னுகூடக் கேக்காம ஆமான்னுட்டான். வர்ற மாசம் அவங்களுக்குக் கல்யாணம். இன்னிவரைக்கும் உண்மையச் சொல்லல. தினம் காலையில எழுந்து தண்ணி கொதிக்க வெச்சுக் கொண்டாறான், பாவம்.

அப்புறம் பதினேழாவது எபிசோடு வந்துச்சு. அதுல கேப்டன் இளவரசிகிட்ட மனசத் தொறந்து பேசணும். துணி காயப்போடுற கொடிக்கு ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டு. உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான் வசனம். பதினாலு டேக் போச்சும்மா. பிடிச்சிருக்குங்குறத, பல்பு ஃபியூஸ் ஆயிடுச்சுங்குற மாதிரிச் சொல்றாரு. எதிர்ல யாராவது இருந்தா வரும்னு தம்பி என்னை உள்ள அனுப்பினான். நான் இளவரசி வரியப் படிக்கணும், அவரு பதில் சொல்லணும்.

நான் படிச்சேன். பழக்க தோஷம், பையன் குரல்ல வந்துடுச்சு. அவரு சிரிச்சுட்டாரு. சரின்னு கொஞ்சம் மெலிசாக்கி இளவரசி மாதிரி படிச்சேன். அவரு ஹெட்ஃபோனக் கழட்டி வெச்சுட்டு, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க சொந்தக் குரல்ல சொல்ல முடியுமான்னு கேட்டாரு.

இருபத்திரண்டு வருஷத்துல யாரும் அப்படிக் கேட்டதில்ல. வாயத் தொறக்குறேன், என்னது எதுன்னு வரவே மாட்டேங்குது. கடைசியில ஒண்ணு வந்துச்சு. கொஞ்சம் கரகரன்னு, நடு வயசுப் பொம்பளைக் குரல். இப்ப உங்ககிட்ட பேசுறேனே, இதான்.

அவரு திரையப் பாக்கல. என்னையப் பாத்துக்கிட்டே, உன்னை எனக்குப் பிடிச்சிருக்குன்னாரு. சொல்லி முடிச்சும் திரையில கேப்டன் வாயி இன்னும் ஏழு செகண்டு ஆடுது. மூலத்துல அவங்க பாஷையில நீளமா ஏதோ சொல்லியிருக்கான். முன்னாடி டேக் எல்லாம் மொதல் வரியிலயே நின்னுட்டதால யாரும் கவனிக்கல. தம்பி உள்ளேருந்து, சார் வாயி ஓடுது, நிறுத்தாதீங்க, எதையாவது போட்டு நிரப்புங்கங்குறான். இவரு நிரப்பினாரு. நான் குறட்டை விடுவேன், ஆனா ஒருக்களிச்சுப் படுத்தா அவ்வளவா வராது, மத்தபடி தொந்தரவில்லாத ஆளுன்னாரு. அச்சுல வார்த்த மாதிரி கேப்டன் வாயில உக்காந்துடுச்சு. தம்பி கை தட்டுறான். அடுத்த வரி என்னோடது. எனக்கும் அப்படித்தான்னு இளவரசி சொல்லணும். நான் பேப்பரக் கீழ போட்டுட்டு அதத் தேடுற மாதிரி உக்காந்துட்டேன்.

ஏம்மா, லென்ஸ மாத்தாம அப்படியே நிக்கிறீங்க? கடைசி வரி படிக்கவா?

அன்னிக்கு மாடிப்படியில நின்னு, என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டாரு. நான் உள்ள நடிக்கல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னாரு. ஃபிளாஸ்க் சமாச்சாரம் அப்பதான் வெளிய வந்துச்சு. தண்ணியக் குடிச்சது யாருன்னு சொன்னதும் படியிலயே உக்காந்துட்டாரு மனுஷன். நான் வீட்டுல யாரெல்லாம் இருக்காங்கன்னு கேட்டேன். சம்சாரம் தவறி எட்டு வருஷமாச்சாம். ஒரே மக. அவளுக்கு வேற ஊர்ல பெரிய கண் ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சும், அப்பா தனியா இருப்பாருன்னு போகாம இருந்துட்டாளாம். இவரு அந்தக் கடிதத்தப் பாத்துட்டாரு, பாத்ததா அவகிட்ட காட்டிக்கல. டப்பிங் பேசுறதும் அவளுக்குத் தெரியாது. சனிக்கிழமை ஓவர்டைம்னு சொல்லிட்டு வர்றாரு. அவகிட்ட பேசிட்டு வாங்க, அதுக்கப்புறம் பதில் சொல்றேன்னு சொல்லி அனுப்பிச்சேன்.

அஞ்சு வாரம் ஆச்சு. தினமும் சாப்பிட உக்காரும்போது சொல்லிடணும்னு வாயத் தொறப்பாராம். மக நிமிந்து பாத்ததும், உப்புக் கம்மியா இருக்குன்னு சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்குவாராம். அஞ்சு வாரமா உப்புக் கம்மி, உப்புக் கம்மின்னு சொல்லிச் சொல்லி, இப்ப நீங்க சமைக்கிறது வாயிலயே வைக்க முடியலையாமேம்மா.

உக்காருங்க. அந்த ஸ்டூல இப்படி இழுத்துப் போட்டுக்கோங்க. ஆமா, உங்க அப்பாதான். என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, போன மாசம்தான் வேற கடையில பாத்தேன். உங்க நேரத்த வீணாக்கினதுக்கு மன்னிச்சுக்குங்க. வாசல்ல நின்னு நேரா சொல்லணும்னுதான் வந்தேன். உள்ள வந்து உங்க மூஞ்சியப் பாத்ததும், கண்ணு மங்கலா இருக்குன்னு வாயில வந்துடுச்சு. அவரச் சொல்லி என்ன, நானும் அதே ரகம்தான்.

அவரு என்னை அனுப்பலம்மா. நான் வந்தது அவருக்குத் தெரியாது. உங்க அம்மா இடத்துக்கு வர்றதுக்காக நான் கேக்கல, அது உங்களோடது, அத யாரும் தொட முடியாது. நீங்க அந்த வேலைக்குப் போறதும் போகாததும் உங்க இஷ்டம். அதுக்காகவும் வரல. எனக்கு அந்த மனுஷனப் பிடிச்சிருக்கு. அன்னிக்குப் பேப்பரக் கீழ போட்டதுலேருந்து தினமும் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். எனக்காக வந்து கேக்க ஆள் யாரும் இல்ல, அதான் நானே வந்துட்டேன். உங்க அப்பாவ எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?

யோசிங்க. இன்னிக்கே சொல்லணும்னு இல்ல. நான் அடுத்த வாரம்கூட... யாருக்கும்மா போன் போடுறீங்க? அவருக்கா? இப்பவேவா? ஸ்பீக்கர்ல வேணாம்மா. இருங்க, இருங்க. இந்நேரத்துக்கு எங்கயாவது ஏணி மேல நின்னுக்கிட்டு இருப்பாரு. எதுவும் சொல்றதுக்கு முன்னாடி, மொதல்ல கீழ இறங்கச் சொல்லுங்க.