இரண்டும் இல்லையென்றால்

நேரக் கணக்கு எனக்கு எப்போதுமே சரியாக நினைவில் நிற்பதில்லை. ஒன்பது நிமிடம் என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்று என்று விசாரிக்க வந்த நீங்கள் சொல்கிறீர்கள். பதிவில் அப்படி இருந்தால் அதுதான் சரி.

குடிநீர் வாரியத்தில் எனக்குப் பதினாறு வருட வேலை. குளோரின் உருளைகள் இருக்கும் அறைகளைக் கண்காணிக்கும் கணினி நிரலை, எங்கள் பேச்சில் ஸ்கிரிப்டை, எழுதியது நான்தான். நிமிடத்துக்கு ஒருமுறை, வாயுக் கசிவை அளக்கும் மீட்டரைப் படிக்கும். எல்லையைத் தாண்டினால் அறை வாசலிலும் என் மேசையிலும் மணி அடிக்கும். சிக்கல் அந்த எல்லையில்தான். ஒரு நிலையத்து மீட்டர் சின்ன அளவில் எண்ணும். அங்கே எல்லை முந்நூறு. இன்னொன்று நூறு மடங்கு பெரிய அளவில் எண்ணும், அதே கசிவுக்கு அங்கே மூன்று. அதனால் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியதும் முதலில் கணினியிடம் ‘நீ யார்?’ என்று கேட்கும். முதல் நிலையமானால் முந்நூறு, இரண்டாவதானால் மூன்று, இரண்டும் இல்லையென்றால் நின்றுவிடு. கடைசி வரி எனக்குப் பிடித்த வரி. தெரியாத இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது ஒரு மரியாதை.

மூன்றாவது நிலையம் என் சகலையின் பொறுப்பில் வந்தது. என் மனைவியின் தங்கை கணவர். எல்லாம் புதுக் கணினிகள். திறப்பு நாளில், எல்லோர் முன்னிலையிலும், என் ஸ்கிரிப்ட் அங்கே நின்றுவிட்டது.

“என்ன சகலை, என் மெஷினப் பாத்ததும் உங்க ஸ்கிரிப்டு புது மாப்பிள மாதிரி வெக்கப்பட்டு நிக்குது?” என்றார். மேலதிகாரி சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதே கதை. “அக்கா, இவரு உங்களப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தானா? பொண்ணு சரின்னா இது, வேணாம்னா அது, ரெண்டும் இல்லன்னா வாசல்லயே நிக்கிறதா?” என்றார் சகலை.

“வாசல்லதான் நின்னாரு. எங்கப்பாதான் போயி கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தாரு” என்றாள் என் மனைவி. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

மறுநாள் சகலையே எழுத்தில் கேட்டார்: நிற்கும் வரியை எடுத்துவிடுங்கள், எப்படியாவது ஓடட்டும். அந்தக் கடிதம் உங்களிடம் இருக்கிறது. நான் வரியை மாற்றினேன். இரண்டும் இல்லையென்றால், முந்நூறு.

அவருடைய மீட்டர் எந்த அளவில் எண்ணும் என்று தெரியுமா என்று நேற்றும் கேட்டீர்கள். தெரியும், பெரிய அளவில்; மூன்றைத் தாண்டினாலே ஆபத்து. அதன் கையேடு என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஒரு சின்ன அவமானம் அவருக்கும் வரட்டும் என்றுதான் நினைத்தேன். ஏதோ ஒரு நாள் வாயு கசியும், மணி அடிக்காது, பிறகு என்னிடம் வந்து நிற்பார்.

வியாழன் காலை. என் திரையில் மூன்றாவது நிலையத்தின் எண் நான்கைத் தொட்டது. பிறகு ஏழு. எழுந்தேன், ஜன்னல்வரை போனேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். பதினெட்டு. கைபேசியைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். முப்பது ஆனபோது, உங்கள் கணக்கில் பதினொன்றாவது நிமிடத்தில், அதுவே ஒலித்தது.

“சகலை, உருளையப் பாக்க உள்ள போறேன். உங்க மணி இங்க அடிக்கல, அங்க ஏதாச்சும் சொல்லுதா, இல்ல இன்னும் வெக்கம் போகலயா?”

“மணி அடிக்கலயே” என்றேன்.

“அப்ப சரி. ஞாயித்துக்கெழம வந்துடுறோம். அக்காகிட்ட சொல்லிடுங்க.”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இணைப்பைத் துண்டித்தது நான்தான்.

சகலை அன்று மதியமே இறந்துவிட்டார். அவர் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் எங்கள் மாடியறையில் இருக்கிறார்கள்; பள்ளிக்கு அவர்களை நான்தான் கொண்டுவிடுகிறேன். மேலதிகாரியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். என் மனைவி இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. மூன்றாவது நிலையத்துக்கான வரியை அன்று மாலையே சேர்த்துவிட்டேன், எல்லை மூன்று. ஸ்கிரிப்ட் எல்லா இடத்திலும் ஒழுங்காக ஓடுகிறது.

ஒன்றை மட்டும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை.