சம்மனசு இறங்கும் கயிறு

பெர்லா: இந்த வெயில்ல எதுக்கு முழுக்கைச் சட்டை?

செல்ஸோ: குளிருது.

பெர்லா: ஏப்ரல் மாசத்துல.

செல்ஸோ: கடல் காத்து...

பெர்லா: மத்தியானம் கரண்டியை இடது கையில பிடிச்சே.

செல்ஸோ: எப்பப் பார்த்தாலும் வலது கையே ஊட்டிக்கிட்டிருந்தா இடதுக்குக் கோவம் வராதா?

பெர்லா: நான் சிரிக்கலை. கையைக் காட்டு.

செல்ஸோ: பிள்ளைங்க வந்துடப் போகுது...

பெர்லா: ரெண்டும் கோயில் முற்றத்துல. லிகாயா பாட்டுப் பழகுறா, அவ தம்பி டோடோய் எல்லார் காலையும் மிதிச்சுக்கிட்டிருக்கான். காட்டு.

செல்ஸோ: மெதுவா... மணிக்கட்டைத் தொடாதே. தொடாதேங்கறேன்ல.

பெர்லா: யேசுவே. இது கையா, பப்பாளியா?

செல்ஸோ: லேசா வீங்கியிருக்கு.

பெர்லா: எப்போ?

செல்ஸோ: பெருசா ஒண்ணுமில்லை...

பெர்லா: எப்போன்னு கேட்டேன்.

செல்ஸோ: நேத்து.

பெர்லா: நேத்து என்ன நாளு?

செல்ஸோ: தெரிஞ்சுதானே கேக்குறே.

பெர்லா: உன் வாயால வரட்டும்.

செல்ஸோ: பெரிய வெள்ளி.

பெர்லா: ஆண்டவர் பாடுகளைப் பாடப் போறேன்னுட்டுத்தானே நேத்து மூணு மணிக்குக் கிளம்பினே?

செல்ஸோ: கோயிலுக்குத்தான் கிளம்பினேன். வழியில நம்ம படகு...

பெர்லா: படகு கூப்பிட்டுச்சாக்கும்.

செல்ஸோ: ஒரு வாரமா இன்ஜின் செத்துக் கிடக்கு, பெர்லா. ஊரே கோயில்ல உக்காந்திருக்கு, ஒரு பய பார்க்க மாட்டான்னு ஒரே ஒரு சுத்துச் சுத்திப் பார்த்தேன். கைப்பிடி திருப்பி அடிச்சிருச்சு.

பெர்லா: ஆண்டவர் உயிர் விடுற நேரம். உனக்கு இன்ஜினுக்கு உயிர் குடுக்கணும்.

செல்ஸோ: கிளம்பிருச்சு, அது தெரியுமா? நல்லா ஓடுது.

பெர்லா: பேசாதே. உடைஞ்சிருக்கு. விரலை மடக்கு பார்ப்போம்.

செல்ஸோ: மடங்கலை.

பெர்லா: ஆஸ்பத்திரியும் திங்கக்கிழமைதான் திறக்கும்... பிள்ளைங்ககிட்டே என்ன சொல்லி வச்சிருக்கேன் நான்? பெரிய வெள்ளிக்கு ஓடாதே, மரம் ஏறாதே, அன்னிக்குப் பட்ட அடி ஆயுசுக்கும் ஆறாதுன்னு.

செல்ஸோ: எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்க.

பெர்லா: நெசமாவே ஆறாதா?

செல்ஸோ: நீயே என்னைக் கேட்டா? பிள்ளைங்க சும்மா கிடக்கணும்னு சொல்றதுதானே அது.

பெர்லா: சொல்றப்போ அப்படித்தான் தெரிஞ்சுது.

செல்ஸோ: லிகாயாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. ஏழு வயசு, எதைச் சொன்னாலும் நம்பிருவா. அப்பா கை இனி அவ்வளவுதான்னு சாப்பிடாமக் கிடப்பா. விடிஞ்சா உயிர்ப்புத் திருநாள், இறக்கை கட்டிச் சம்மனசா அவ பந்தல் மேலே ஏறணும்.

பெர்லா: அதைத்தான் நானும் கேக்கப் போறேன். அவளை மேலேருந்து இறக்குற கயிறு யார் கையில?

செல்ஸோ: என் கையில.

பெர்லா: எந்தக் கையில?

செல்ஸோ: மூங்கில்ல ரெண்டு சுத்துப் போட்டுட்டா இடது கை ஒண்ணே போதும்.

பெர்லா: வழுக்கினா?

செல்ஸோ: வழுக்காது.

பெர்லா: வழுக்கினா, செல்ஸோ? பதினஞ்சு அடி. கீழே கல் தரை.

செல்ஸோ: தெரியும்.

பெர்லா: ம். நீயும் யோசிச்சிருக்கே.

செல்ஸோ: நேத்துலேருந்து வேற யோசனையே இல்லை.

பெர்லா: கோயில் உபதேசியார்கிட்டே சொல்லி வேற ஆளைப் போடச் சொல்லு.

செல்ஸோ: யாரை? போன வருஷம் நான் கடல்ல இருந்தேன்னு அவரோட தம்பியைப் பிடிக்கச் சொன்னாரே, அந்த ஆளையா? சம்மனசா இறங்கின பிள்ளையை அந்தரத்துல நிறுத்திட்டு அவன் பாட்டுக்குத் தும்மிக்கிட்டிருந்தான். பிள்ளை பம்பரமாச் சுத்துது, இவன் தும்மிக்கிட்டே இருக்கான்.

பெர்லா: அதைப் பார்த்துத்தானே நம்மவ தபசு காலம் பூரா மாட்டேன் மாட்டேன்னா. உபதேசியார் கடைசியில துறட்டி தேட ஆரம்பிச்சுட்டார்.

செல்ஸோ: மகன் உயிர்த்தாச்சுன்னு சம்மனசு எடுக்க வேண்டிய கறுப்பு முக்காட்டை மாதா தலையிலேருந்து துறட்டியால எடுக்கிறது... இளநீர் பறிக்கிற மாதிரி.

பெர்லா: அப்புறம் நேத்து சாயங்காலம் தானா வந்து நிக்கிறா. "நான் போறேம்மா, என்னைச் சம்மனசா போடச் சொல்லுங்க." ஏன்னு கேட்டா வாயைத் திறக்கலை.

செல்ஸோ: இந்த வருஷம் நான் பிடிக்கிறேன்ல. அப்பா மேல நம்பிக்கை.

பெர்லா: அந்த நம்பிக்கையைக் கொண்டுபோய்ப் பப்பாளியில கட்டி வச்சிருக்கே.

செல்ஸோ: குத்தாதே. ஏற்கெனவே வலிக்குது.

பெர்லா: நான் பிடிக்கிறேன்.

செல்ஸோ: எதை?

பெர்லா: கயிறை.

செல்ஸோ: விளையாடாதே. ஆம்பளைங்க உயிர்த்த ஆண்டவர் சப்பரத்தோட வரணும், பொம்பளைங்க மாதா சப்பரத்தோட வரணும். கயிறு ஆம்பளை வேலை.

பெர்லா: மீன் துறையில ஐஸ் பாளம் இழுக்கிறது யார் வேலை?

செல்ஸோ: அது வேற...

பெர்லா: வேறதான். அது அம்பது கிலோ. என் மக பதினெட்டு.

செல்ஸோ: உபதேசியார் ஒத்துக்க மாட்டார்.

பெர்லா: அவரை யார் கேக்கப் போறா? பந்தல் கீழே சுத்தித் தென்னந்தட்டி. உள்ளே நிக்கிறது யாருன்னு வெளியில தெரியாது. நீ எப்பவும்போல உள்ளே போ. நான் இருட்டோட வந்து நின்னுக்குறேன். நீ குரல் குடு, நான் கயிறு குடுக்கிறேன்.

செல்ஸோ: பார்த்துட்டார்னா?

பெர்லா: பார்த்தா, பெரிய வெள்ளி மூணு மணிக்கு நீ எங்கே இருந்தேன்னு நானே அவருக்குச் சொல்றேன்.

செல்ஸோ: ...எத்தனை மணிக்கு வருவே?

பெர்லா: எல்லாருக்கும் முன்னாடி. இப்போ கொல்லைப் பக்கம் வா. அரிசி மூட்டையைக் கிளையில கட்டிப் பழகிக்கணும். அதுக்கு முன்னாடி கையை நீட்டு, மட்டை வச்சுக் கட்டிவிடறேன்.

*

லிகாயா: இறக்கை குத்துதும்மா.

பெர்லா: சம்மனசுக்கே குத்துதுன்னா நாங்க எங்கே போறது? நேரா நில்லு. பாட்டுப் பழகிட்டு வந்ததுலேருந்து ஆடிக்கிட்டே இருக்கே.

லிகாயா: டோடோய் இறக்கை மேல உக்காந்துட்டான். ரெண்டு இறகு போச்சு.

செல்ஸோ: போகட்டும். ரெண்டு இறகு இல்லேன்னா பறக்கவா முடியாது? கோழியைப் பாரு.

லிகாயா: கோழி பறக்காதுப்பா.

பெர்லா: அவர் சொல்றதைக் கேக்காதே. கையைத் தூக்கு, இடுப்பு வாரைப் பார்க்கணும். இறுக்கமா இருக்கா?

லிகாயா: மூச்சு முட்டுது.

பெர்லா: அப்போ சரியா இருக்கு.

லிகாயா: மணி அடிக்கிறப்போ குதிச்சாத்தானே உயரமா வளருவோம்? நான் மட்டும் தொங்கிக்கிட்டிருந்தா?

செல்ஸோ: நீதான் அப்போ ஊருக்கே உயரமா இருப்பியே.

லிகாயா: அப்பா...

செல்ஸோ: என்னம்மா?

லிகாயா: கயிறு யார் பிடிப்பாங்க?

செல்ஸோ: நான்தான். வேற யாரு?

லிகாயா: ரெண்டு கையாலயுமா?

செல்ஸோ: ...ஆமா. ரெண்டு கையாலயும்.

லிகாயா: சரி.

பெர்லா: லிகாயா, இங்கே பாரு. பயமா இருந்தா இப்பவே சொல்லு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. துறட்டி இருக்கு.

லிகாயா: பயமாத்தான் இருக்கு.

பெர்லா: அப்போ வேண்டாம்னு சொல்லிடலாமா?

லிகாயா: பயமா இருக்குன்னுதான் சொன்னேன். போகலைன்னு சொல்லலை.

செல்ஸோ: உன்னை மாதிரியே.

பெர்லா: வாயை மூடு. கொக்கியைக் குடு... இந்தக் கையில இல்லை, அந்தக் கையில.

*

செல்ஸோ: மூச்சு விடாதே. உபதேசியார் தட்டிக்கு அந்தப் பக்கம் நிக்கிறார்.

பெர்லா: மூச்சு விடாம எப்படிக் கயிறு பிடிக்கிறது? சப்பரம் வந்துடுச்சா?

செல்ஸோ: ஆண்டவர் வந்துட்டார். மாதா திரும்புறாங்க... நின்னாச்சு. நேர் கீழே.

பெர்லா: டோடோய்?

செல்ஸோ: பக்கத்து வீட்டுக்காரி இடுப்புல. மெழுகுவத்தியை ஊதி ஊதி அணைக்கிறான்.

பெர்லா: ரெண்டு சுத்துச் சரியா இருக்கா பாரு.

செல்ஸோ: இருக்கு. கூப்பிடட்டுமா?

பெர்லா: கூப்பிடு.

செல்ஸோ: லிகாயா, அப்பா பேசறேன். கேக்குதா?

லிகாயா: கேக்குது.

செல்ஸோ: விடட்டுமா?

லிகாயா: இருங்க...

செல்ஸோ: இருக்கேன். அவசரமில்லை.

பெர்லா: கேளு, செல்ஸோ. வேண்டாம்னா இறங்கி வரச் சொல்லு.

லிகாயா: விடுங்கப்பா.

செல்ஸோ: விடு. மெதுவா.

பெர்லா: மூட்டை சும்மா இருந்துச்சு. இவ ஆடுறா.

செல்ஸோ: ஆடட்டும். விட்டுக்கிட்டே வா... இன்னும் ரெண்டு முழம். ஒண்ணு. அரை. நிறுத்து.

பெர்லா: எடுத்தாளா?

செல்ஸோ: இல்லை. மாதா தோளைப் பிடிச்சுக்கிட்டா.

பெர்லா: இப்போ?

செல்ஸோ: அப்படியே சாஞ்சுக்கிட்டிருக்கா. முக்காட்டுல குத்தின ஊசி மாட்டிக்கிச்சு போல.

பெர்லா: கை எரியுது.

செல்ஸோ: இடது கையைக் குடுக்கிறேன், நகரு...

பெர்லா: தொடாதே. நீ அவளை மட்டும் பாரு.

செல்ஸோ: பாட்டு முடிஞ்சு மறுபடியும் முதல்லேருந்து பாடுறாங்க. ஜனங்க முணுமுணுக்கிறாங்க. ஐயோ, உபதேசியார் துறட்டியைக் கொண்டு வரச் சொல்றார்.

பெர்லா: வந்துச்சுன்னா இந்தக் கயிறோட வெளியில வந்து அதைப் பிடுங்குவேன். என் மக எடுப்பா. இருக்கச் சொல்லு.

செல்ஸோ: உன் கையில ரத்தம், பெர்லா.

பெர்லா: என் கையைப் பார்க்கச் சொல்லலை உன்னை.

செல்ஸோ: எடுக்கிறா... எடுத்துட்டா. முக்காடு அவ கையில.

பெர்லா: நெசமாவா?

செல்ஸோ: மணி அடிக்குது, கேக்கலை? பிள்ளைங்க பூரா குதிக்குதுங்க. டோடோய் இடுப்புல உக்காந்துக்கிட்டே குதிக்கிறான்.

பெர்லா: எனக்கு மூங்கில்தான் தெரியுது. இழுக்கட்டுமா, இறக்கட்டுமா?

செல்ஸோ: இறக்கு. உபதேசியாரே கை நீட்டி வாங்குறார். இறங்கிட்டா. கால் தரையில. விடு, பெர்லா. கயிறை விடு.

பெர்லா: விரல் பிரிய மாட்டேங்குது.

*

செல்ஸோ: சாக்லேட் கஞ்சி ஆறுது. கருவாட்டை யாரு எடுத்தது?

லிகாயா: டோடோய். ரெண்டையும் எடுத்துக்கிட்டு மேசைக்கடியில போயிட்டான்.

பெர்லா: இருக்கட்டும், திருநாள். சீக்கிரம் சாப்பிடுங்க. உங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு முதல் படகுல நகரத்துக்குப் போகணும். திங்கக்கிழமை வரைக்கும் தாங்காது. அங்கே பெரிய ஆஸ்பத்திரி திறந்திருக்கும்.

செல்ஸோ: பெர்லா...

பெர்லா: சொல்லித்தானே ஆகணும். எத்தனை நாளைக்கு முழுக்கைச் சட்டை போடுவே?

லிகாயா: அம்மா, உங்க உள்ளங்கை ஏன் தோல் உரிஞ்சிருக்கு?

பெர்லா: ...கயிறு.

லிகாயா: எந்தக் கயிறு?

பெர்லா: உன்னை இறக்கின கயிறு. நான்தான் பிடிச்சேன். அப்பா குரல் மட்டும்தான் குடுத்தார்.

லிகாயா: அப்பா பிடிக்கவே இல்லையா?

செல்ஸோ: இல்லைம்மா. பொய் சொல்லிட்டேன். என் கைக்கு ஒரு சின்ன... அதாவது, அடி பட்டது என்னைக்குன்னா...

லிகாயா: தெரியும்.

செல்ஸோ: என்ன தெரியும்?

லிகாயா: பெரிய வெள்ளி. நான் படகுக்கு அந்தாண்ட நண்டு தேடிக்கிட்டிருந்தேன். உங்களை இன்ஜின் அடிச்சுது. நீங்க மணல்ல உக்காந்து சட்டையைக் கடிச்சுக்கிட்டு அழுதீங்க.

பெர்லா: நீயும் கோயிலுக்குத்தானே போறேன்னு சொன்னே?

லிகாயா: திட்டுவீங்கன்னுதான் சொல்லலை.

பெர்லா: இப்போ திட்டலை. சொல்லு.

லிகாயா: அன்னிக்குப் பட்டது ஆறவே ஆறாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் அப்பாவால படகு ஓட்ட முடியாது, வலை இழுக்க முடியாது... மாதா காதுல சொன்னா மகன்கிட்டே சொல்லுவாங்க. ஆனா சப்பரம் உசரம். சம்மனசைத் தவிர யாராலயும் அவங்க காதுகிட்டே போக முடியாது.

பெர்லா: அதான் அவ்வளவு நேரமா? ஊசி மாட்டலையா?

லிகாயா: ஊசியே இல்லை. பாட்டுச் சத்தத்துல அவங்களுக்குக் கேட்டுச்சோ இல்லையோன்னு மூணு தடவை சொன்னேன்.

செல்ஸோ: லிகாயா... என் கை உடைஞ்சிருக்குன்னு தெரியும். அந்தக் கைதான் கயிறைப் பிடிச்சிருக்குன்னு நினைச்சுக்கிட்டேவா இறங்கினே?

லிகாயா: ஆமா. அதனாலதான் முக்காட்டை அப்புறமா எடுத்தேன். முதல்ல சொல்லிட்டா, அதுக்கப்புறம் விழுந்தாலும் சொன்னது சொன்னதுதானேப்பா.