சிரமதானக் கொப்பி

சம்பளம் எவ்வளவு என்று நீயாகக் கேட்காதே என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். கதிரையில் உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்டது அதைத்தான்.

"சம்பளம் எவ்வளவு, சேர்? எத்தனையாம் திகதி தருவீங்க? சம்பளத் துண்டு உண்டா?"

நான் கேட்டது கிருஷ்ணராஜ் முதலாளியிடம். ஹோட்டல்களின் பெட்ஷீட்டும் துவாயும் வெளுக்கிற லோண்டரி அவருடையது, கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில். "இப்படிக் கேக்கிற ஆள்தான் ஒபீஸுக்கு வேணும்," என்றார். "உள்ளுக்கு வேலை செய்றவங்க இதையே கேட்டா என்ன பதில் சொல்றதுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா பெற்றீசியா முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். கிலோ குறைந்த நாளில் அரைப் பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். தராசு சரியா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பேராதனையில் நான் ஆய்வுக் கட்டுரை எழுதியது இதைப் பற்றித்தான், தொண்ணூறு பக்கம். எனக்கு 'ஏ' கிடைத்தது. அம்மாவுக்கு முழுப் பேர் கிடைக்கவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்து, நாடு சரியில்லை, சட்டம் சரியில்லை, முதலாளிமார் சரியில்லை என்று அம்மா வாங்கிப் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே கோபப்பட்டேன். என் கோபம் நல்ல தரமானது. ஆங்கிலத்திலும் வரும்.

லோண்டரியில் இருபத்து மூன்று பெண்கள். காலை ஏழிலிருந்து மாலை ஐந்துவரை வேலை. ஐந்துக்குப் பிறகும் இரண்டு மணித்தியாலம் நிற்பார்கள். அதற்கு முதலாளி கொடுத்ததுமில்லை, அவர்கள் கேட்டதுமில்லை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தப் புதிய சட்டம் வந்தது. உழைத்த சம்பளத்தைக் கொடுக்காமல் விட்டால் களவு மாதிரி, முதலாளி கம்பி எண்ண மறியலுக்கும் போகலாம் என்றது. முதலாளிக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

"இப்ப என்ன செய்றது, அஷ்வினி மிஸ்?"

நான் சட்டத்தை வாசித்தேன். முதலாளி வாசிக்கவில்லை, அந்தப் பெண்கள் வாசிக்கவில்லை. அதை எழுதியவர்கள்கூட என்னைப் போல அவ்வளவு அன்போடு வாசித்திருக்க மாட்டார்கள். எந்த மாதிரியான ஆளுக்காக அது எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். என் அம்மா மாதிரியான ஆளுக்காக. அதனால் அம்மா மாதிரியான ஆள் எந்த இடத்தில் தடுக்கி விழுவாள் என்பதும் எனக்குத்தான் தெரியும். வேலைக்குச் சம்பளம் கொடுக்காவிட்டால் குற்றம். அது வேலையே இல்லை என்றால்?

தலதா மாளிகைத் திருவிழாவான பெரஹரா காலம். கண்டி முழுக்க வெள்ளைக்காரர், லோண்டரி முழுக்கப் பெட்ஷீட். ஊரில் கோயிலானாலும் பௌத்தப் பன்சலையானாலும் பள்ளிக்கூடமானாலும் எல்லாரும் கூடிச் சும்மா செய்துகொடுக்கிற வேலைக்குச் சிரமதானம் என்று பேர். முடிந்ததும் தேத்தண்ணீர் கொடுப்பார்கள். கூலி கேட்பவளை ஊர் ஒருமாதிரிப் பார்க்கும். நான் கடையில் ஒரு கெட்டி அட்டைக் கொப்பி வாங்கி, கோடு கிழித்து, மேலே எழுதினேன்: 'பெரஹரா காலச் சிரமதானம். என் சொந்த விருப்பத்தின் பேரில்.' பேர், நேரம், கையெழுத்து. ஐந்து மணிக்கு எல்லாரும் கொப்பியில் போட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பினார்கள். பிளேன்டீயும் ஆளுக்கொரு பணிஸும் கொடுத்தோம். முன்பு அதுவும் இல்லை.

நான் யாரையும் வற்புறுத்தவில்லை. முதல் நாள் கையெழுத்துப் போடாத இரண்டு பேருக்கு அடுத்த நாள் வேலை இருக்கவில்லை, அந்த இடத்துக்கு வேறு இரண்டு பேர் வந்தார்கள், அது வேறு விஷயம்.

பெரஹரா முடிந்தது. கொப்பி முடியவில்லை. மேலே இருந்த 'பெரஹரா கால' என்பதை வெட்டிவிட்டேன், அவ்வளவுதான். மாதக் கடைசியில் கூடுதலாகச் சிரமதானம் செய்தவருக்குச் சான்றிதழ் கொடுக்கலாம் என்றதும் நான்தான். பூக்கரை போட்டு நானே கணினியில் வடிவமைத்தேன். நாலு வருடப் படிப்பு வீண் போகவில்லை.

முதல் சான்றிதழ் அனற்றுக்குக் கிடைத்தது.

அனற் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. தகப்பன் நோயில் படுத்ததும் ஓலெவல் சோதனையோடு நின்றுவிட்டாள். லோண்டரியில் ஆட்கள் முன்னால் என்னை மிஸ் என்பாள், ஆட்கள் இல்லாவிட்டால் அடி என்பாள். சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாதாவுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"எனக்கு இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் எழுதிக் குடுத்ததில்லடி," என்றாள். "மத்தியூ என்னையக் கட்டுறதுக்கு முந்திக் குடுத்த கடதாசியிலயும் எழுத்துப் பிழை."

"உனக்குக் கோபமே வராதா?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

"அதுக்குத்தான் நீ இருக்கியே. எங்களுக்கும் சேத்துக் கோபப்படு."

ஈரப் பெட்ஷீட்டை இரண்டு சூட்டு உருளைகளுக்கு இடையில் விட்டால் மெஷின் இழுத்து, மடிப்பில்லாமல் மறுபக்கம் தள்ளும். துணியை மட்டும்தான் இழுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. ஒரு வியாழக்கிழமை மாலை, ஆறு நாற்பதுக்கு, அனற்றின் வலது கை உள்ளே போனது. அவளுக்கு அது அன்றைய பன்னிரண்டாவது மணித்தியாலம். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

முதலாளி அழுதார். அவர் கெட்டவர் இல்லை. அழுது முடித்துவிட்டு, "கொப்பி?" என்றார்.

கொப்பி என் மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடந்தது. அன்று நான் பாங்கு வேலையாகக் கண்டிக்குப் போயிருந்தேன், பூட்டின் திறப்பும் என்னோடு. அதனால் அன்று ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. மற்ற இருபத்திரண்டு பேரிடமும் அடுத்த நாள் காலை வாங்கிவிட்டேன். அனற் மட்டும்தான் பாக்கி. கையெழுத்து இருந்தால் அவள் சும்மா வந்து உதவி செய்த பெண். இல்லாவிட்டால் சம்பளமில்லாமல் வேலை வாங்கப்பட்ட தொழிலாளி: கைக்கு நட்டஈடு, முதலாளிக்கு வழக்கு, மறியல். லோண்டரி மூடினால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? நான் அவர்களைத்தான் யோசித்தேன். என் சம்பளத்தையும் யோசித்தேன், அது ஒழுங்காக இருபத்தைந்தாம் திகதி வரும்.

தோடம்பழத்தோடும் கொப்பியோடும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மைப் பெட்டியும் பையில் இருந்தது. அனற் மருந்து மயக்கத்தில் இருந்தாள். என்ன சொல்லிப் போடவைப்பது என்று பஸ்ஸில் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. கொப்பியைக் கண்டதும் அவளே சொன்னாள்.

"ஐயோ மிஸ், நேத்து கையெழுத்துப் போடல. இந்த மாசச் சான்றிதழ் போயிருமா?"

"இப்பப் போட்டாச் சரி."

"கை இல்லியே."

"மற்றது இருக்கு."

இடது பெருவிரலை நான்தான் பிடித்து அழுத்தினேன். தெளிவாக விழுந்தது. மையைத் துடைத்துவிட்டு, தோடம்பழம் உரித்துச் சுளை சுளையாக ஊட்டினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் என்னைக் காட்டி, "தங்கச்சியா?" என்று கேட்டாள். அனற் ஆமாம் என்றாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அரசாங்கத் தொழில் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. மத்தியூ முறைப்பாடு கொடுத்திருந்தான். அதில் அனற்றின் சாட்சி என்று போட்டிருந்தது என் பேர்.

அங்கே இருந்த அதிகாரி ருஷ்தி. முதலாளி ஒப்படைத்திருந்த கொப்பியைப் புரட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "எல்லாம் கையெழுத்து. இது மட்டும் பெருவிரல். அதும் இடது கைட. ஏன் மிஸ்?"

சொன்னேன். உங்களுக்கு இவ்வளவு நேரம் சொன்ன எல்லாவற்றையும் அவருக்கும் சொன்னேன், பூக்கரை உட்பட. ஒரு வார்த்தை பொய் இல்லை. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகியது. சுவாமியாரிடம் ஒழுங்காகப் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனையோ வருடம். அவர் நாலு பக்கம் எழுதி என் பக்கம் திருப்பினார்.

"வாசிச்சிட்டுக் கீழ கையெழுத்து வைங்க. அந்தப் புள்ளட நட்டஈடு இதிலதான் தங்கியிருக்கு."

வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பேனையை மூடி அவர் பக்கம் வைத்தேன்.

"என்ன, பிழை ஏதும் இரிக்கா?"

"இல்ல சேர். நல்லா எழுதியிருக்கீங்க."

"அப்ப வைங்களே."

கையெழுத்து இல்லாதது நடக்கவே இல்லை. இருபத்து மூன்று பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவள் நான், நானே மறந்தால் எப்படி? அத்தோடு, அந்தச் சட்டம் வந்த பிறகு என்னைப் போன்றவர்களுக்குக் கிராக்கி. கெலிஓயாவில் பெரிய தையல் கூடம் வைத்திருக்கும் ஒருவர், முதலாளியின் கூட்டாளி, கொப்பி முறையைத் தனக்கும் செய்துதரச் சொல்லிப் போன கிழமையே கேட்டிருந்தார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். நல்ல சம்பளம். சரி, விசாரணை முடிந்த கையோடு வருகிறேன் என்றும் சொல்லியிருந்தேன்.

ருஷ்தி இன்னும் ஏதோ சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

வெளியே மர வாங்கில் அனற் உட்கார்ந்திருந்தாள். வலது சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள்.

"எல்லாம் சொல்லிட்டியாடி?"

"சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியும். மத்தியூதான், அவ முதலாளி பக்கம்னு கத்துறான். நான் சொன்னேன், அஷ்வி பொய் சொல்ல மாட்டான்னு." இடது கையால் என் கையைப் பிடித்தாள். பிறகு அவள் முகம் வாடியது. "ரெண்டு மணித்தியாலம் உள்ள இருந்தியே. எனக்காக வந்ததுக்கு ஒன் சம்பளத்துல வெட்டிருவாங்களா?"

"இல்ல," என்றேன். "இது சிரமதானம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினேன். கெலிஓயா பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. முதல் நாளே பிந்திப் போவது எனக்குப் பிடிக்காது.